அரைவேக்காட்டுப் பானை

தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஒரே ஆள் யாரென்று குயவன் ஒர்துனோவிடம் யாரும் சொல்லவில்லை. தொலேதோ சமய நீதிமன்றத்தில் அதுதான் வழக்கம்.

கிறிஸ்தவனாக மாறிய பிறகும் வெள்ளிக்கிழமை மாலைகளில் யூதர்களைப் போல ரகசியமாக விளக்கேற்றினான் என்பது குற்றம். தன் எதிரிகள் யாரென்று அவனே சொல்ல வேண்டும். சாட்சி அவர்களில் ஒருவராக இருந்தால் சாட்சியம் செல்லாது. இல்லாவிட்டால் தீ.

"உனக்கு ஆகாதவன் யாரு?" என்றார் நீதிபதி.

"எதிர்வீட்டுக் கொல்லன், சாமி."

"அப்புறம்?"

"என் மச்சான்."

"அவ்வளவுதானா?"

ஒர்துனோ தலையிலிருந்த தழும்பைத் தடவினான். "என் பொண்டாட்டி பிரியாந்தா."

நீதிபதி நிமிர்ந்தார். "கட்டினவளேயா?"

"ஊரைக் கேளுங்க, சாமி. நடுச்சந்தையில பானையால மண்டையை உடைச்சா."

கேட்டார்கள். மீன்காரி முதல் கோயில் மணியடிப்பவன் வரை எல்லோரும் ஆசையாகச் சொன்னார்கள். மறுவாரம் அவனை விட்டுவிட்டார்கள்.

வாசலில் நின்று பிரியாந்தா தெருவுக்கே கேட்கக் கத்தினாள். "வந்துட்டியா, பாவி! உன்னைக் கொளுத்தலையா?"

அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியதும் அவள் குரல் இறங்கியது.

"கயித்துல கட்டி முறுக்குவோம்னாங்க. நாம பேசி வச்சபடியே உங்க மேல சாட்சி சொல்லிட்டேங்க."

"நல்லதுதான். ஆனா என்னை அடிக்கிறதுக்குன்னே அரைவேக்காட்டுப் பானை ஒண்ணு தனியா வச்சிருந்தேனே?"

"பதட்டத்துல பக்கத்துப் பானையை எடுத்துட்டேன். இன்னும் வலிக்குதா?"

"மழை நாள்ல மட்டும்."

"சரி, நகருங்க. வெள்ளிக்கிழமை, பொழுது சாயுது. விளக்கேத்தணும்."