கிளிப்பச்சை ஜாக்கெட்

கிளிப்பச்சை ஜாக்கெட், ஆரஞ்சு பேண்ட். வேலைக்குக் கிளம்பிய மகள் தர்ஷிகாவைப் புஷ்பவல்லி வாசலில் மறித்தாள்.

"ஏண்டி, அந்தச் சந்தன நிறப் பட்டு பிளவுஸைப் போடேன். விலை உசத்தி, ஆனா அடக்கமா இருக்கும். இப்படிப் போனா கிள்ளான் ரயில் ஸ்டேஷன்ல எல்லாரும் உன்னையேதான் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும் லா, மா."

"உனக்குப் பயமாவே இல்லையா?"

"பயந்துதான் போடறேன். போன மாசம் காணாமப் போன எங்க ஆபீஸ் ரோஹிணியும் அடக்கமாத்தான் உடுத்துவா. அன்னைக்கு என்ன கலர் போட்டிருந்தான்னு போலீஸ் கேட்டாங்க. அதே டிரெயின்ல பக்கத்துல உட்கார்ந்து வந்த எனக்கே ஞாபகமில்ல."

புஷ்பவல்லி போனை எடுத்தாள்.

"அப்படியே நில்லு, ஒரு படம் எடுத்துக்கறேன்... இப்போ திரும்பு. முதுகுப் பக்கமும் ஒன்னு."