டிக் இல்லாத தாள்

கையெழுத்துக்குப் போகும் கோப்பில் இருபத்து மூன்றாவது தாளாக அதைச் செருகினாள்.

அதற்கு மேலே ஒரு விசைத்தறி முதலாளியின் வரிப் படிவம். கீழே ஒரு பல் மருத்துவரின் படிவம். நடுவில் அவள்.

நாற்பத்தொரு வயதில் அவள் ஒரு மாணவர். படிவத்தின் தலைப்பு அப்படித்தான் சொல்கிறது. வரி ஆலோசகர் தேர்வு, மாணவர் பதிவு. தந்தை அல்லது பாதுகாவலர் பெயர் கேட்ட இடத்தில் சற்று நேரம் திகைத்தாள். பிறகு அப்பாவின் பெயரை எழுதிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஓரத்தில் ஒட்டிய புகைப்படம் மட்டும் சிரிக்கவில்லை.

படிவத்திலும் பின்னால் குத்திய சான்றிதழ் நகல்களிலும் ஓர் ஆடிட்டர் சான்றொப்பமிட வேண்டும். மாலை ஐந்தரைக்குள் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.

இன்று கடைசி நாள்.

அவளுக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர்தான். பத்தொன்பது வருடமாக அவளுக்குச் சம்பளம் தரும் செங்கோட்டுவேலு.

நேராகவே கேட்டிருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன், பக்கத்து மேசையில் வேலை பார்த்த ரமணி இதே தேர்வுக்கு நேராகத்தான் கேட்டான். "படிக்கறவங்க படிக்கப் போங்க, வேலை பாக்கறவங்க இங்க இருங்க" என்று அந்த மாதத்தோடு அவனை அனுப்பிவிட்டார். ரமணி இப்போது பேக்கரி வைத்திருக்கிறான். பன் நன்றாகவே இருக்கும்.

அவளுக்குப் பன் போடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் வரி.

போன மாதம் அந்த விசைத்தறிக்காரர்தான் கிளப்பிவிட்டார். "எல்லாம் நீங்கதான் பண்றீங்க. அப்புறம் எதுக்குங்க அவருகிட்டப் போய்க் காத்துக்கிடக்கோணும்?" அவர் போகிற போக்கில் சொன்னது. சொன்னவர் மறந்திருப்பார். அவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எத்தனை ஆயிரம் தாள்கள் அவள் கையால் போயிருக்கும். ஒன்றின் கீழும் அவள் பெயர் இல்லை.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நகலை அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. சரியாக இருந்தால் வலது மூலையில் நீலப் பென்சிலால் ஒரு டிக். அவர் டிக்கைப் பார்ப்பார். கையெழுத்துப் போடுவார். புரட்டுவார்.

படிப்பாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஒருமுறை பார்சல் சாப்பாட்டு ரசீது ஒன்று தவறிப்போய் உள்ளே போய்விட்டது. கைப்பழக்கத்தில் அதிலும் டிக் போட்டிருந்தாள். நான்கு தயிர்ச்சாதத்துக்குக் கீழே ஆடிட்டரின் கையெழுத்து வெகு அழகாக விழுந்திருந்தது.

ஆக, ஒரு டிக் போதும்.

பென்சிலை எடுத்தாள். மூலையில் வைத்தாள்.

கை ஓடவில்லை.

ஊரார் தாளுக்கெல்லாம் போட்டாயிற்று. தன்னுடையதைத் தானே பார்த்துத் தானே சரி என்று எப்படிப் போடுவது? யாரும் கேட்கப்போவதில்லை. அதுதான் உறுத்தியது.

அந்த ஒரு தாளில் மட்டும் டிக் இல்லாமலேயே கோப்பு உள்ளே போனது.

மூன்று மணி. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவருடைய வழுக்கை மட்டும் தெரிந்தது. பேனா ஓடும் சத்தம். தாள் புரளும் சத்தம். அவள் எண்ணத் தொடங்கினாள்.

பத்து. பதினைந்து.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் என்னதான் செய்யப்போகிறார் என்று பார்க்கும் ஆவல் அந்தப் பயத்தைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்திருந்தது.

இருபத்திரண்டு.

சத்தம் நின்றது.

மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. எடுத்து முடித்துக் கிளம்பியும் போய்விட்டது.

"ஒரிஜினல் எங்கம்மா?"

ஒரு வாரமாகப் பையில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பட்டச் சான்றிதழ். ஆதார் அட்டை. ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து வேறொரு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்படி ஒன்று அவரிடம் இருப்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும்.

படித்தார்.

அசலில் ஒரு விரல், நகலில் ஒரு விரல். பெயர். பதிவெண். வருடம். கணக்குப்பதிவியலில் விரல் நின்றது. இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

அடுத்த தாள். அதற்கடுத்தது.

இவ்வளவு நிதானமாக அவர் எதையும் படித்து அவள் பார்த்ததில்லை. ரமணி ஞாபகத்துக்கு வந்தான். அவன் கடையின் பன் வாசனையும் வந்தது. வேண்டாம் என்று தலையை அசைத்துக்கொண்டாள்.

கடைசித் தாளும் முடிந்தது.

பேனா மூடி கழற்றியபடியே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. படிவத்தின் வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது காலியாக இருந்தது.

கையை நீட்டினார்.

படிவத்தைத் திருப்பித் தருகிறார் என்று நினைத்து அவளும் கையை நீட்டினாள். அவர் கையில் ஒன்றும் இல்லை. அவள் விரல்களுக்கு நடுவில்தான் நீலப் பென்சில் இருந்தது. வெளியிலிருந்து அதைப் பிடித்தபடியேதான் வந்திருக்கிறாள்.

அவர் கேட்டது அதைத்தான்.