இடது கன்னத்து மச்சம்

மச்சம் இடது கன்னத்தில்தான் இருந்தது. தெருச் சங்கச் செயலாளர் ஒரு பென்சில் படத்தைச் சைக்கிள் கடைக்காரரின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பல் டாக்டர் வீட்டுக் கொல்லையில் கூடியிருந்த தெரு மொத்தமும் "ஆமா, ஆமா" என்றது.

மூலை மனையில் தினமும் குப்பையைக் கொட்டிவிட்டு ஓடுகிறவனை மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். நேற்று சாயங்காலம் டாக்டர் தொலைநோக்கியைத் திருப்பும்போது ஆள் சிக்கிவிட்டான். பகலெல்லாம் பல்லில் பள்ளம் பார்த்தும் அலுக்காமல், வீட்டுக்கு வந்து நிலாவில் பள்ளம் பார்த்து வரைகிற மனிதர் அவர். கையோடு அவனையும் வரைந்துவிட்டார்.

"வாயை மூடித் துணி கட்டியிருந்தான். வாயை மட்டும் திறந்திருந்தா, ஆளு யாருன்னே சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர்.

"இன்னும் என்ன சாட்சி வேணும்? நாளைக்குள்ள கடையக் காலி பண்ணுய்யா!" செயலாளர் குதித்தார்.

கடை சங்கத்துக்குச் சொந்தமானது. கடைக்காரருக்குப் பன்னிரண்டு வருடப் பிழைப்பு போய்விடும். ஒருவேளை கிரீஸாக இருக்குமோ என்று கன்னத்தைத் துடைத்துக்கூடப் பார்த்தார். கூடப் பிறந்த மச்சம் இன்றைக்கு மட்டும் எங்கே போகும்?

வேறு வழி தெரியாமல் டாக்டரின் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார்.

"இவருக்கு நிலாவையே வரையத் தெரியல, என் மூஞ்சிய எங்க வரையறது? அதோ, மேல பாருங்க. அரை நிலா வலப்பக்கம் வெளிச்சமா இருக்கு. இவரு இடப்பக்கம் வரைஞ்சு வெச்சிருக்காரு!"

கூட்டம் சிரித்தது. "நிலா எக்கேடோ கெட்டுப் போகட்டும். நீ மச்சத்துக்குப் பதில் சொல்லு" என்றார் செயலாளர்.

டாக்டருக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வரையத் தெரியாது என்று ஒரு பஞ்சர் ஒட்டுகிறவர் சொல்வதா!

"வாய்யா, இந்தத் தொலைநோக்கியில நீயே கண்ண வெச்சுப் பாரு! இதுக்குள்ள கண்ணாடி இருக்கு. இதுல எதப் பாத்தாலும் வலது இடதாத்தான் தெரியும். நான் தெரிஞ்சத தெரிஞ்சபடி வரைஞ்சிருக்கேன்!"

ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். செயலாளர் மட்டும் வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "பல்லு வலி உயிர் போகுது" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

கடைக்காரர் ஓடிப்போய் வழியை மறித்தார்.

"டாக்டர் இங்கதான் சார் இருக்காரு, கைய எடுங்க!"