தூங்கும் மாட்யூல்

மதகுகளைத் திறந்து மூடும் அந்தக் கணினி நிரலுக்கு ஷெல் என்று பெயர். அது கண்விழிப்பதற்குள் உலையில் போட்ட அரிசி வெந்துவிடும் என்பார்கள் ஆற்று அலுவலகத்தில். ஊறுகாயே ஊறிவிடும் என்பார் தலைவர் ஒரிபே.

"எழுதின மகராசன் அதோ, டீ உறிஞ்சிக்கிட்டு இருக்கார்! முன்னாடி ஒரு உயிரையே குடிச்ச ஷெல் இது. வேகமாக்கிக் குடு குகிமியா, அவரை வீட்டுக்கு அனுப்பிடறேன்."

மூலையிலிருந்த மொரிவாகி இன்னொரு வாய் டீ உறிஞ்சினார்.

புதிதாக வேலைக்கு வந்த குகிமியா, ஷெல்லைப் பகுதி பகுதியாக, மாட்யூல் மாட்யூலாகக் கழற்றிப் பார்த்தாள். மழை அளக்க ஒன்று, கேமராவுக்கு ஒன்று. எல்லாம் துள்ளி எழுந்தன. ஒன்று மட்டும், எந்த மதகு என்று திரையில் பெரிதாக எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா தூங்கியது.

அது தூங்கி முடிகிறவரை, எண்ணை விரலால் சுட்டி உரக்கச் சொல்ல வேண்டும். அங்கே அது விதி. வேறு வேலை இல்லாததால் எல்லோரும் செய்தார்கள்.

"மொரிவாகி சார், இது வெறும் தூக்கம்தானே?"

"ஆமா."

"அப்ப எதுக்கு வச்சீங்க?"

"மத்ததை எதை வேணா எடுத்துக்கோம்மா. அதை மட்டும் விட்டுடு."

"காரணம் சொல்லுங்க, விட்டுடறேன்."

அவர் ஒரிபேயைப் பார்த்தார். பிறகு டீயைப் பார்த்தார்.

வறட்டு வீம்பு என்று எண்ணிக்கொண்டு, அவள் அதை நீக்கினாள்.

மறுநாள் ஆற்றில் நீர் ஏறியது. ஒன்றாம் மதகைத் திறக்க ஒரிபேயே உட்கார்ந்தார். எண்ணைத் தட்டினார். ஷெல் சட்டென்று எழுந்தது. விரல் நீட்ட ஏது நேரம்? 'திற' என்று தட்டிவிட்டார்.

"இதுவல்லவா வேகம்!"

திறந்தது ஏழாம் மதகு.

அதன் கேமராவில், இடுப்பளவு நீரில் தூண்டிலோடு ஒருவர் நின்றிருந்தார். அடுத்த கணம் அவருடைய ஓலைத்தொப்பி மட்டும் சுழன்று சுழன்று போயிற்று.

மொரிவாகி பாய்ந்து வந்து மதகை மூடினார். மூடி என்ன?

ஒரிபே மேலிடத்துக்குப் போன் போட்டார்.

"நான் ஒண்ணுன்னுதான் தட்டினேன். மறுபடியும் ஷெல்லுலதான் கோளாறு. கைவச்ச பொண்ணு இங்கதான் நிக்கிறா."



மொரிவாகி ஒரிபேயின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மொரிவாகி பேசறேன். போன தடவை என் ஷெல்லுல கோளாறுன்னு ஒத்துக்கிட்டேனே, அது பொய். புள்ளகுட்டிக்காரர், பொழைச்சுப் போகட்டும்னு சொன்னேன். அன்னிக்கும் தப்பாத் தட்டினது ஒரிபேதான். இவர் விரலைக் கொஞ்சம் நிறுத்திவைக்கத்தான் அந்தத் தூக்கத்தையே வச்சேன்."