திருப்பி நிறுத்திய வண்டி

“ஏங்க, வண்டியை ஏன் இன்னிக்குத் திருப்பி நிறுத்தியிருக்கீங்க?”

புது ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே ஒற்றைக் காலில் நின்றான்.

“எப்பவும் போலத்தானே நிக்குது?”

“எப்பவும் வீட்டுக்குள்ள மூஞ்சியை நீட்டிக்கிட்டு நிக்கும். இன்னிக்குத் தெருவைப் பார்த்து நிக்குது.”

வாசலை ஒட்டிய மதில் சுவரோரம்தான் வண்டியின் இடம். எட்டு வருடமாக நேராக உள்ளே வந்து, வலது பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு நிற்கும். இன்று அவன் மூச்சு வாங்கப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து, இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்ட வைத்திருந்தான்.

“நாளைக்குக் காலையில உனக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கில்ல? சட்டுனு எடுக்கலாமேன்னுதான்.”

“எட்டு வருஷமா இல்லாத அவசரம் இன்னிக்கு வந்துடுச்சாக்கும்?”

அவன் குனிந்து மற்ற ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். அவளிடம் பேச்சுக் கொடுத்து ஜெயித்ததாக அவனுக்குச் சரித்திரமே இல்லை.

நாளைய டெஸ்ட் அவளுக்கு உயிர்ப் பிரச்சினை. வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுக்கும் வேலை ஒரு பரிசோதனைக் கூடத்தில் தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். மூன்று வாரமாக அவன்தான் சொல்லிக் கொடுக்கிறான். முதல் நாளே ஒரு சட்டமும் போட்டிருந்தான்: ஒரு தடவை வண்டியைக் கீழே போட்டாலும் டெஸ்ட் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

சட்டம் போட அவனுக்குத் தகுதி இருந்தது. ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவன். இருபது வருடமாக ஒரு கீறல் கிடையாது என்று, கேட்டவர்களிடமும் சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான்.

“வண்டியில ஏதாவது பார்த்தீங்களா?” என்றாள் அவள் மெதுவாக.

“என்னத்தைப் பார்க்கணும்?”

“இல்ல... எதுவா இருந்தாலும் மனசுல வெச்சுக்காம இப்பவே சொல்லிடுங்க.”

இவளுக்கு எப்படி மூக்கில் வேர்த்தது?

“ஒண்ணும் இல்லம்மா. ஒரு காபி போடேன்.”

“ஒண்ணும் இல்லாமலா முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டிருக்கீங்க? மழை பெஞ்சாலும் மடிச்சு விட்டுக்கிட்டுத் திரியற ஆளாச்சே!”

இடது கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினாள். முழங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“பெட்ரோல் பங்க்ல விழுந்துட்டேன். போதுமா?”

“ஐயோ! யாராவது இடிச்சுட்டாங்களா?”

“யாராவது இடிச்சிருந்தாலாவது கௌரவமா இருந்திருக்கும். நானே, சும்மா, வரிசையில நிக்கப் போறப்ப. வளைச்சு நிறுத்தறப்ப முன் பிரேக்கைப் பிடிச்சுட்டேன். தொப்புன்னு இடது பக்கமா சாஞ்சுடுச்சு. பத்துப் பேர் வேடிக்கை. பெட்ரோல் போடற பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா? ‘அண்ணே, டேங்கைத் திறக்க எழுந்து நின்னாலே போதும், படுக்க வேணாம்’னுச்சு.”

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள்.

“ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாதுன்னு தினமும் என் காதுல ஓதினது யாரு?”

“நான்தான்! கால் பிரேக்கைத்தான் முதல்ல தேடினேன். மிதி இருக்கற இடத்துல இல்ல. காலையிலேருந்தே காலுக்குச் சரியா அகப்படல. புது ஷூ, அதான்னு நினைச்சேன். குனிஞ்சு பார்க்கறதுக்குள்ள கை தானா முன் பிரேக்குக்குப் போயிடுச்சு.”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“அடி பலமா?” என்றாள். குரலே மாறியிருந்தது.

“எனக்குத் தோல்தான். வண்டிக்கு இடது இண்டிகேட்டர் உடைஞ்சுது, கிளட்ச் கம்பி வளைஞ்சுது. நீ பார்த்துட்டா மானம் போயிடுமேன்னுதான் அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டி வெச்சேன். ராத்திரியே மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாத்திடலாம்னு இருந்தேன்.”

“வலது பக்கம்?”

“வலது பக்கத்துக்கு என்ன? அந்தப் பக்கம் நான் போய்ப் பார்க்கவே இல்லையே!”

அவள் நீளமாக மூச்சு விட்டாள். பிறகு அவன் எதிரே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“சட்டப்படி இப்ப நீங்க ஒரு மாசம் பஸ்லதான் போகணும்.”

“அடப் போம்மா. அந்தச் சட்டம் ஒரு மடத்தனம். வண்டின்னா ஒரு தடவை சாயத்தான் செய்யும். வாபஸ் வாங்கிட்டேன்.”

“இன்னிலேருந்தா, போட்ட நாளிலேருந்தா?”

“போட்ட நாளிலேருந்தே. விழுந்ததுக்காக இந்த வீட்டுல யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.”

“நாளைக்கு டெஸ்ட் நிச்சயம்?”

“நிச்சயம்னு சொல்றேன்ல!”

“எழுந்து வாங்க.”

கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனாள். தெரு விளக்கு வெளிச்சத்தில் வண்டியின் வலது பக்கம் அவர்களைப் பார்த்து நின்றது. சைலன்சரில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அதற்கு முன்னால், பிரேக் மிதி உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

“நேத்து நீங்க மத்தியானம் தூங்கறப்ப தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம்னு எடுத்துட்டுப் போய்க் கீழே போட்டுட்டேங்க” என்றாள் அவள். “என் பக்கத்தைச் சுவர் மறைச்சுக்கிட்டிருந்துச்சு; நீங்க வந்து வண்டியைத் திருப்பி வெச்சதும், என்னைப் பிடிச்சுட்டீங்கன்னு நினைச்சு இவ்வளவு நேரமா உயிரே இல்ல!”