காது வெட்டு

வெர்லீன் டாட்லாக் தன் வம்சத்தின் மூதாதையான ஜோசையாவைப் பற்றிய பதிவுகளைத் தேடி, வர்ஜீனியாவின் அந்தச் சிறிய மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்திருந்தாள். உயில் இல்லை, நிலப்பத்திரம் இல்லை. கடைசியில் அகப்பட்டது ஒரு பன்றி அடையாளம்தான். இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்தில் ஊர்ப் பன்றிகளெல்லாம் காட்டில் ஒன்றாக மேய்ந்தன. யாருடையது எதுவென்று தெரிய, குடும்பத்துக்கு ஒரு காது வெட்டை நீதிமன்றத்தில் பதிந்து வைத்திருந்தார்கள்.

"வலது காது நுனி கிடையாது, இடது காதுல ரெண்டு கீறல்," என்று எழுத்தர் பீபிள்ஸ் படித்துக் காட்டினார். "இதை யாரும் ரத்து பண்ணலம்மா. இன்னைக்கும் உங்க வீட்டு அடையாளம்தான்."

"எங்க வீட்டுல ஒரு பூனைகூட இல்லியே," என்று அவள் சிரித்தாள்.

அப்போது வீட்டிலிருந்து கணவன் ஹார்மன் போன் செய்தான்.

"வெர்லீன், வாசல்ல ஒரு பன்னி வந்து படுத்திருக்கு. விரட்டினாலும் போக மாட்டேங்குது."

அவள் பீபிள்ஸைப் பார்த்தபடியே போனில் கேட்டாள். "காது எப்படி இருக்கு?"

"வலது நுனி இல்ல. இடதுல ரெண்டு கீறல். ரத்தம் இன்னும் காயல." அவன் தயங்கினான். "நீ எங்க இருக்க?"

"கோர்ட்டுலதான். ஏன்?"

"அப்போ வீட்டுக்குப் பின்னால காட்டுக்குள்ள நின்னு அதைக் கூப்பிடுறது யாரு? உன் குரல்தானே அது."