ஏழு குண்டுகள்

தம்பி அக்ரோன் பிறந்தன்று அப்பா வானத்தை நோக்கி ஏழு முறை சுட்டார். எங்கள் அல்பேனிய மலையில் ஆண் பிறந்தால் அப்படித்தான். நான் பிறந்தபோது யாரும் சுடவில்லை. துப்பாக்கியை அரசாங்கம் வாங்கிக்கொண்டு போய் இருபது வருடமாகியும், காபி குடிக்க உட்கார்ந்தால் அதே பேச்சுதான்.

“சுடுற ஒவ்வொரு குண்டுலயும் அந்தத் துப்பாக்கி கோணலா ஒரு கீறல் போடுமே! இந்த மலையிலயே அது ஒண்ணுதாண்டா,” என்பார் அப்பா.

“சத்தம் மட்டும் உன் குறட்டையை விடக் கம்மி,” என்பார் பக்கத்து வீட்டு பாஷ்கோ.

போன ஜூனில், நட்டநடுப் பகலில், முற்றத்தில் நின்றிருந்த தம்பி சரிந்து விழுந்து செத்தான். வெடிச்சத்தமே கேட்கவில்லை. தலையிலிருந்து எடுத்த குண்டை மருத்துவர் அப்பாவிடம் காட்டினார். அதில் அந்தக் கோணல் கீறல் இருந்தது.

நான் இயற்பியல் பட்டதாரி. மேலே போன குண்டு இரண்டு நிமிடத்துக்குள் கீழே வந்துவிடும் என்று கத்தினேன்.

“ஏழுல ஒண்ணுதானேடீ வந்திருக்கு,” என்றாள் அம்மா.

இப்போது முற்றத்தில் யாரும் நிற்பதில்லை. துணி காயப்போட அம்மா என்னை மட்டும் அனுப்புகிறாள்.

“உனக்குன்னு யாரும் சுடலையே, போ.”